விமானம் ஏறுமுன் மூன்று மணி நேரம்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் பல லட்சம் பேர். அத்தனை பேரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி முடித்து ஊர் திரும்புகிறார்கள். இவ்வளவு பெரிய கூட்டம் நகர்வதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. எல்லோரும் மலையை வலமாகவே சுற்றுகிறார்கள். எதிர்த்து வருபவர் இல்லை. ஒருவழிப் போக்கு என்னும் இந்த விதியின்மேல்தான் பெரிய விமான நிலையங்களும் அமைக்கப்பட்டுள்ளன. புறப்படுவோருக்கு ஒரு தளம், வந்து இறங்குவோருக்கு வேறு தளம். ஒரு கட்டத்தைக் கடந்து உள்ளே சென்றவர் மீண்டும் வெளியே வருவது எளிதன்று.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. மெதுவாக நடந்தாலும் மலை காத்திருக்கும். விமானம் காத்திருக்காது.

உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் முதன்முறையாக வளைகுடா நாட்டுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நகையை அடகு வைத்து வாங்கிய டிக்கெட்டாக இருக்கலாம். சென்னை மீனம்பாக்கத்தில் அவர் என்னென்ன கட்டங்களைக் கடக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால், அச்சம் குறையும், பணமும் வீணாகாது.

தேதியில் உள்ள பொறி

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். ‘15-ஆம் தேதி, 00.40 மணி’ என்று அதில் அச்சிட்டிருக்கிறது என்று கொள்வோம். விமானப் போக்குவரத்தில் 24 மணிக் கணக்குதான் வழக்கம். 00.40 என்றால் நள்ளிரவு கழிந்து நாற்பது நிமிடம். நாம் பேச்சு வழக்கில் அதை ‘14-ஆம் தேதி ராத்திரி’ என்போம். கடிகாரத்துக்கோ 15-ஆம் தேதி பிறந்துவிட்டது. 15-ஆம் தேதி மாலையில் சாவகாசமாக ஊரைவிட்டுக் கிளம்பியவர் மீனம்பாக்கம் போய்ச் சேரும்போது, அவருடைய விமானம் அயல்நாட்டில் இறங்கி வெகு நேரம் ஆகியிருக்கும்.

ஆகவே பின்னிருந்து முன்னாகக் கணக்குப் போடுங்கள். விமானம் புறப்படுவது 00.40. பெரும்பாலான பன்னாட்டு விமானங்களுக்குப் பதிவுக் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அதாவது 14-ஆம் தேதி இரவு 11.40. மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வதால் இரவு 9.40-க்கு நிலைய வாசலில் நிற்க வேண்டும். செஞ்சி, திண்டிவனம், செங்கற்பட்டு வழியாகச் சாலைப் பயணத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். வழியில் டயர் வெடிப்பதற்கும் தாம்பரத்து நெரிசலுக்கும் மேலும் ஒன்றரை மணி நேரம் வேண்டும். எனவே 14-ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அன்று பௌர்ணமியாகவோ தீபத் திருநாளாகவோ இருந்தால், பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிற்கும்; இன்னும் முன்னதாகக் கிளம்புவதே நலம். சென்னை செல்லும் பேருந்து கிளாம்பாக்கத்தில் நின்றுவிட்டால், அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சார ரயிலில் வருபவர்களுக்குத் திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது.

வழியனுப்ப வந்தவர்கள் வாசலிலேயே விடைபெற வேண்டியதுதான். டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காவலர் சரிபார்த்த பின்னரே பயணி உள்ளே செல்லலாம். பன்னாட்டுப் பயணிகளுக்கான புதிய முனையம் 2023 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய், பெல்லாரி வழியாக டாடா நிறுவனத்தின் சிறு விமானம் அஞ்சல் மூட்டையுடன் வந்து சேர்ந்த ஊர்தான் இதே சென்னை.

வரிசையின் கணக்கு

மூன்று மணி நேரம் எதற்கு? வேலை உண்மையில் சில நிமிடங்களே. கவுன்ட்டரில் இரண்டு அல்லது மூன்று நிமிடம், குடிபெயர்வுச் சோதனையில் ஓரிரு நிமிடம், பாதுகாப்புச் சோதனையில் ஓரிரு நிமிடம். மீதி நேரமெல்லாம் வரிசையில்தான் போகிறது.

வரிசைக்கும் ஒரு விஞ்ஞானம் உண்டு. டென்மார்க் நாட்டு எர்லாங் என்பவர் தொலைபேசி இணைப்பகத்தில் அழைப்புகள் காத்திருப்பதைக் கணக்கிட்டு 1909-இல் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறைக்கு வித்திட்டது. 1961-இல் அமெரிக்கரான ஜான் லிட்டில் மிக எளிய ஒரு விதியை நிறுவினார். வரிசையில் நிற்பவர் எண்ணிக்கையை, ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்ற எண்ணால் வகுத்தால், காத்திருக்கும் நேரம் கிடைக்கும். உங்களுக்கு முன்னால் 240 பேர் நிற்கிறார்கள். எல்லா மேசைகளும் சேர்ந்து நிமிடத்துக்கு 8 பேரை அனுப்புகின்றன. அப்படியானால் உங்கள் முறை வர 30 நிமிடம் ஆகும். தரிசன வரிசையிலும், ரேஷன் கடையிலும் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஒரு மேசையில் ஒருவருக்குச் சராசரியாக 2 நிமிடம் ஆகிறது. அதாவது மணிக்கு 30 பேரைக் கவனிக்க முடியும். ஆட்கள் சீராக வராமல் முன்னும் பின்னுமாக வருகிறார்கள். ஒருவருக்கு அரை நிமிடமும் இன்னொருவருக்கு ஐந்து நிமிடமும் ஆகிறது. இந்த நிலையில் மணிக்கு 15 பேர் வந்தால் சராசரிக் காத்திருப்பு 2 நிமிடம்தான். 24 பேர் வந்தால் 8 நிமிடம். 27 பேர் வந்தால் 18 நிமிடம். மூன்றே பேர் கூடியதில் காத்திருப்பு இரு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டதைக் கவனியுங்கள். மேசையின் கொள்ளளவை நெருங்க நெருங்க வரிசை திடீரென்று வீங்குகிறது. நள்ளிரவை ஒட்டிப் பல நாடுகளுக்கான விமானங்கள் அடுத்தடுத்துப் புறப்படும் வேளையில் நிகழ்வது இதுவே. நேற்று பத்து நிமிடத்தில் முடிந்த வரிசை இன்று ஒரு மணி நேரம் இழுக்கலாம். அந்த நிச்சயமின்மைக்காகத்தான் மூன்று மணி நேரம்.

மேசைக்கு ஒரு வரிசை என்று இல்லாமல், எல்லா மேசைகளுக்கும் பொதுவாக ஒரே வரிசையை வளைத்து வளைத்து நிறுத்துவதையும் காண்பீர்கள். பார்க்க நீளமாகத் தோன்றும். ஆனால் ஒரு மேசையில் யாரோ ஒருவரின் காகிதத்தில் சிக்கல் நேர்ந்தால், அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் மாட்டிக்கொள்வதில்லை. அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். முந்தி வந்தவர் முந்திப் போவார்.

முன்பாரமும் பின்பாரமும்

கவுன்ட்டரில் பெட்டியை எடை போடுகிறார்கள். அனுமதித்த எடைக்குமேல் ஒரு கிலோ மிகுந்தாலும் பணம் கேட்கிறார்கள் என்று பலர் அலுத்துக்கொள்வதுண்டு. எடையில் வணிகம் மட்டுமல்ல, பௌதிகமும் இருக்கிறது.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூட்டைகளைப் பின்புறம் அதிகமாக ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். முன்புறம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். விமானமும் அப்படித்தான். அதன் ஈர்ப்பு மையம் குறிப்பிட்ட எல்லைக்குள் அமையாவிட்டால் மூக்கு வேண்டிய அளவு எழாது, அல்லது அளவுக்கு மிஞ்சி எழுந்துவிடும். ஆகவே பயணிகள், பெட்டிகள், எரிபொருள் ஆகியவற்றின் எடையும், அவை எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்பதும் புறப்படுமுன் கணக்கிடப்பட்டு விமானியிடம் தரப்படுகின்றன. ஓடுபாதையில் எந்த வேகத்தில் மூக்கை உயர்த்துவது என்பதை அவர் முடிவு செய்வது இந்தக் கணக்கைக் கொண்டே. கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடுவதற்கு இது ஒரு காரணம். பெட்டிகளைச் சோதித்து, பிரித்து, விமானத்தின் வயிற்றில் அடுக்க வேண்டியிருப்பது இன்னொரு காரணம்.

பெட்டியின் கைப்பிடியில் கோடுகள் அச்சிட்ட நீண்ட தாள் ஒன்றைக் கட்டுவார்கள். அதில் 10 இலக்க எண் ஒன்று இருக்கும். அந்தக் கோடுகளை ஒளிக்கருவி படித்து, பெட்டி எந்த விமானத்துக்கு உரியது என்று அறிந்து, நகரும் பட்டையில் வழி திருப்பிவிடும். போய்ச் சேரும் ஊர் மூன்று எழுத்துகளால் குறிக்கப்படும். சென்னையின் குறியீடு எம்.ஏ.ஏ. மதராஸ் என்னும் பழைய பெயரிலிருந்து வந்தது இது. 1996-இல் ஊரின் பெயர் சென்னை என்று மாறிய பிறகும் குறியீடு மாறவில்லை. அதே எண் உள்ள சிறு துண்டை உங்கள் கையில் தருவார்கள். பெட்டி வந்து சேராவிட்டால் அதைத் தேட உதவும் முக்கியச் சான்று அது. அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

உரியவர் இல்லாத பெட்டி

பதிவு செய்த பயணி விமானத்தில் ஏறாவிட்டால் அவருடைய பெட்டியைத் தேடி எடுத்துக் கீழே இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்பும். இந்த விதிக்குப் பின்னால் துயரமான வரலாறு இருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இதே மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்துக்கெனப் பதிவு செய்துவிட்டுப் பயணி ஏறாமல் விட்டுச் சென்ற பெட்டிகளில் இருந்த குண்டு நிலையத்துக்குள்ளேயே வெடித்து, முப்பது பேர் அளவில் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி, உரியவர் ஏறாத ஒரு பெட்டியில் இருந்த குண்டினால் ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் அட்லாண்டிக் கடல்மேல் சிதறியது; 329 பேர் மாண்டனர்.

இதிலிருந்து நீங்கள் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ‘அங்கே என் மாமாவிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று யார் எதைக் கொடுத்தாலும், அதைத் திறந்து பார்க்காமல் வாங்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் பெட்டியில் இருப்பது எதுவாயினும் பொறுப்பு உங்களுடையதே. சமையலறைப் பொருளும் இதில் அடங்கும். நம் வீட்டுக் குருமாவில் அரைத்துவிடும் கசகசா, அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா போன்ற நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள். அம்மா அன்போடு கட்டிக் கொடுத்த மசாலாப் பொட்டலம் மகனைச் சிறையில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும்.

நிறம் பிரித்துக் காட்டும் கதிர்

அடுத்து வருவது பாதுகாப்புச் சோதனை. கைப்பை ஒரு கூண்டுக்குள் நகர்ந்து செல்கிறது; திரையில் ஆரஞ்சு, பச்சை, நீல நிறங்களில் படம் தெரிகிறது. 1895-இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிரின் வேலை இது. குறைந்த ஆற்றல் உள்ள எக்ஸ் கதிரை எவ்வளவு உறிஞ்சுவது என்பது பொருளின் அணு எண்ணைப் பெரிதும் சார்ந்தது. ஆற்றல் மிகுந்த கதிரோ பொருளின் அடர்த்தியையும் கனத்தையும் சார்ந்து குறைகிறது. இரண்டையும் அளந்து ஒப்பிட்டால் உள்ளே இருப்பது எந்த வகைப் பொருள் என்று ஊகிக்கலாம். கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்தில், உலோகங்கள் நீலத்தில், இடைப்பட்டவை பச்சையில் காட்டப்படுகின்றன. முறுக்கும், சோப்பும், துணியும், வெடிமருந்தும் கரிமப் பொருள்களே. அதனால்தான் இனிப்புப் பெட்டியைக்கூடச் சில வேளை திறந்து காட்டச் சொல்கிறார்கள்.

நீங்கள் நடந்து செல்லும் வாசற்சட்டத்தில் எக்ஸ் கதிர் இல்லை. அதில் உள்ள கம்பிச் சுருள்கள் மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புலத்தில் உலோகம் நுழைந்தால், 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி, அதனுள் மின்சாரம் சுழல்கிறது. அந்த மின்சாரம் எழுப்பும் எதிர்ப் புலத்தைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகிறது. தாலிச் சங்கிலியானாலும் இடுப்புச் சாவிக் கொத்தானாலும் அதற்கு ஒன்றே. ஒலித்தால் பதற வேண்டாம். கைக்கருவியால் தடவிப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். இதயத்துக்குத் துணைக்கருவி பொருத்தியவர்கள் முன்கூட்டியே காவலரிடம் சொல்லிவிட வேண்டும்.

கோயிலிலிருந்து நேரே கிளம்புகிறவர்கள் பையை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். விபூதி, குங்குமம் பற்றிக் கவலை இல்லை. கற்பூரம் எளிதில் தீப்பற்றுவது. பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. தீப்பெட்டிக்கும் இதே விதி. கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ச் சத்து மிகுந்தது. சூடேறித் தானே பற்றிக்கொள்ளக்கூடிய பொருள் என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதால் அதற்கும் தடை உண்டு. நெய்யும் ஊறுகாயும் பெட்டிக்குள் போகட்டும். 2006-இல் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி ஒன்று வெளிப்பட்ட பிறகு, பன்னாட்டு விமானங்களில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குப்பியில் திரவம் கொண்டுபோகக் கட்டுப்பாடு வந்தது. இதற்கு நேர்மாறானது ‘பவர் பேங்க்’. அதனுள் இருக்கும் லித்தியம் மின்கலம் பழுதானால் தானே சூடேறி எரியும். பெட்டியோடு விமானத்தின் வயிற்றில் எரிந்தால் உடனே அணைக்க ஆளில்லை. ஆகவே அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

முத்திரை விழும் மேசை

குடிபெயர்வு அதிகாரி பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்து முத்திரை இடுவார். இங்கே சிலர் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் சில குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின், குடிபெயர்வோர் காப்பாளரின் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய முறை. தொழிலாளியை ஏய்க்கும் தரகர்களிடமிருந்து காப்பதே அதன் நோக்கம். ‘சுற்றுலா விசாவில் போய்விடு, அங்கே பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் தரகரை நம்பியவர், பணத்தையும் இழந்து நடுவழியிலும் நிற்க நேரிடும். எந்தச் சந்தேகமானாலும் ஊரிலிருந்து கிளம்புமுன் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்த மேசையின் முன் நிற்கும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

காற்றை எதிர்த்து

இப்போது நீங்கள் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் அமர்ந்து ஓடுபாதையைப் பார்க்கலாம். அதன் முனைகளில் பெரிய எண்கள் எழுதப்பட்டிருக்கும். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதையின் ஒரு முனை 07, மறுமுனை 25. இவை திசைகாட்டி காட்டும் கோணத்தின் பத்தில் ஒரு பங்கு. 07 என்றால் வடக்கிலிருந்து 70 பாகை, ஏறக்குறைய கிழக்கு. 25 என்றால் 250 பாகை, ஏறக்குறைய மேற்கு. காற்று கிழக்கிலிருந்து வீசினால் கிழக்கு நோக்கியும், மேற்கிலிருந்து வீசினால் மேற்கு நோக்கியும் விமானம் ஏறும். பட்டம் விடும் சிறுவன் காற்றை எதிர்த்து ஓடுவது போலத்தான். இறக்கைக்கு வேண்டியது தரையைப் பொறுத்த வேகமன்று, காற்றைப் பொறுத்த வேகம். எழும்ப 270 கிலோமீட்டர் வேகம் வேண்டும், எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் என்றால், தரையில் 240 கிலோமீட்டர் வேகமே போதும்.

முதன்மை ஓடுபாதையின் நீளம் 3.6 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; கிரிவலப் பாதையில் ஏறக்குறைய கால் பங்கு. இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின்மேல் பாலமாக நீள்கிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி அடையாறு கரை புரண்டபோது வெள்ளம் நிலையத்துக்குள் புகுந்தது. சில நாட்கள் விமானங்கள் ஏறவோ இறங்கவோ முடியவில்லை. அரக்கோணத்திலுள்ள கடற்படை விமானத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றிச் சென்றார்கள்.

இறங்கும் விமானம் பொதுவாக 3 பாகைச் சரிவில் வருகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 52 மீட்டர் தாழ்கிறது. நம் அண்ணாமலையின் உயரம் 800 மீட்டருக்குச் சற்று மேல். அந்த உயரத்தில் ஒரு விமானம் வரும்போது ஓடுபாதை இன்னும் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஓடுபாதையை ஒட்டி அனுப்பப்படும் ரேடியோ அலைகள் இந்தச் சரிவையும் நேர்கோட்டையும் விமானிக்கு உணர்த்துவதால், மழை இரவிலும் அவரால் பாதையைக் கண்டு இறங்க முடிகிறது.

போய் இறங்கியதும் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள மறவாதீர்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியும், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முந்தியும் இருக்கின்றன. டிக்கெட்டில் காட்டும் நேரம் அந்தந்த ஊர் நேரமே. நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தால் இதைக் கவனிக்காமல் உட்கார்ந்திருப்பவர் அடுத்த விமானத்தைத் தவறவிடுவார். திரையில் விமான எண்ணையும் வாயில் எண்ணையும் பாருங்கள். வாயில் கடைசி நேரத்திலும் மாறலாம். ஆங்கிலம் தெரியவில்லையே என்று கூச வேண்டாம். நுழைவுச் சீட்டை நீட்டினால் எந்த நாட்டு ஊழியரும் வழியைக் கைகாட்டுவார். வழி கேட்டவர் நேரத்துக்கு வாயிலைச் சேர்வார். கேட்கக் கூசி அலைந்து திரிந்தவரே விமானத்தை விடுவார்.